பழக்கிய உயிருக்குக் கடைசிவரை யார்?

திரையில் ஒரு மலைச்சரிவு. செத்துக் கிடக்கும் மிருகத்தைத் தின்ன ராட்சதக் கழுகு ஒன்று வந்து இறங்குகிறது. பாறை மறைவில் பதுங்கியிருக்கும் பையன் மயக்க அம்பு எய்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று. கழுகு தள்ளாடிச் சாய்கிறது. ஓடிப்போய் அதன் பக்கத்தில் நின்று, அதற்குப் பிடித்த இறைச்சியை வைக்கிறான். மயக்கம் தெளிவதுபோல் இருந்தால், காட்டுப் பழத்தையும் அழுகிய இறைச்சியையும் உரலில் அரைத்துச் செய்த மருந்தை ஊட்டுகிறான். பசிக்கும்போதெல்லாம் கழுகு மயக்கத்திலேயே தின்கிறது. தின்னத் தின்ன ஒரு கோடு நிறைந்துகொண்டே வருகிறது. முழுதாக நிறைந்ததும் கழுகு எழுந்து நிற்கிறது. இனி அது அவனுடையது. பெயர் வைக்கலாம், சேணம் பூட்டலாம், ஏறிப் பறக்கலாம்.

'ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட்' என்ற வீடியோ கேமில் வரும் காட்சி இது. 2015-இல் சோதனை வடிவில் வந்து, 2017-இல் முழுமையாக வெளியாகி, 2018-இல் செல்போனுக்கும் வந்தது. உடம்பில் உள்ளாடை தவிர வேறொன்றும் இல்லாமல் ஒரு தீவின் கடற்கரையில் கண்விழிக்கும் மனிதன், டைனோசர்களும் பழங்கால மிருகங்களும் திரியும் காட்டில் பிழைத்துக் காட்ட வேண்டும். மிருகங்களைப் பழக்கித் துணை சேர்த்துக்கொள்ளாமல் அங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அந்தக் கழுகின் பெயர் அர்ஜென்டாவிஸ். அது வெறும் கற்பனை இல்லை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய அர்ஜென்டினாவின் வானத்தில் பறந்த நிஜப் பறவை. புதிதாக ஆட வருபவர்கள் ஆசைப்பட்டுப் பிடிக்கும் முதல் பெரிய துணை பெரும்பாலும் இதுதான். இரும்புத்தாது மூட்டையைச் சுமக்கும், சிறிய மிருகங்களை நகத்தில் கவ்விக்கொண்டு பறக்கும்.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் என் நினைவுக்கு வந்த ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி உள்ளே இருக்கிறது. 108 திவ்விய தேசங்களில் ஒன்று. விஜயராகவப் பெருமாளும் மரகதவல்லித் தாயாரும் இருக்கும் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய தலம். ராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊரும் இதுதான் என்பார்கள். ஆனால் இந்த ஊரின் உயிர்நாடி ஒரு பறவை. ராவணனை வழிமறித்துச் சிறகு வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்பது தலபுராணம். திருக்குளத்தின் பெயரே ஜடாயு தீர்த்தம். ஜடாயுவுக்குத் தனிச் சந்நிதி உண்டு. வைணவர்கள் ஜடாயுவை மரியாதையோடுதான் குறிப்பிடுவார்கள். 'பெரிய உடையார்' என்பார்கள்.

ஜடாயு யாரும் பழக்கிய பறவை இல்லை. தசரதனின் தோழன். எந்த அம்பும் அதை வசப்படுத்தவில்லை, யாரும் தீனி போட்டு வளர்க்கவில்லை. தோழனின் மருமகளை ஒருவன் தூக்கிக்கொண்டு போகிறான் என்று தெரிந்ததும் தள்ளாத வயதில் பறந்து போய்த் தடுத்தது. தன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாத ராமன், தகப்பனின் தோழனான பறவைக்குப் பிள்ளையாக நின்று அந்தக் கடனைச் செய்தான். ஒரு பறவையின் சாவைத் தன் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்ட கதையை ஓர் ஊர் நூற்றாண்டுகளாகச் சுமந்து வருகிறது.

ஆர்க்கில் நூறு மிருகங்களைப் பழக்கலாம். ஆனால் பழகிய மிருகம் எதுவும் வயதாகிச் சாவதில்லை. சண்டையில் சாகலாம், பட்டினியில் சாகலாம். மூப்பு மட்டும் கிடையாது. மற்றதையெல்லாம் ஆச்சரியப்படும் அளவுக்கு யோசித்துச் செய்த விளையாட்டு, இந்த ஒன்றை விட்டுவிட்டது.

அலாரம் வைத்து எழும் பிள்ளைகள்

வீடியோ கேம் என்றாலே சுடுவதும் வெட்டுவதும்தான் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். இந்த வகை விளையாட்டில் பிள்ளைகள் அதிக நேரம் செலவழிப்பது வளர்ப்பதில்தான். அது அவர்களுக்கும் எனக்கும் பிடித்த பகுதி.

ஆர்க்கில் முட்டையிடும் வகையில் பழகிய இரண்டு மிருகங்களை இணை சேர்த்தால் முட்டை கிடைக்கும். முட்டைக்குச் சரியான சூடு வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கெட்டுப்போகும். அதற்காகவே ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் ஏசி பெட்டிகளை வரிசையாக அடுக்கி, நடுவில் முட்டையை வைக்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் வேலை இன்னும் கூடும். ஆரம்ப நாளில் அதற்குத் தானாகத் தொட்டியில் போய்த் தின்னத் தெரியாது, அதன் வாய்க்கே தீனி கொடுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டாத அதிகாரபூர்வ சர்வரில் ஒரு டி-ரெக்ஸ் குஞ்சு வளர்ந்து முழு மிருகமாக ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். கணக்கில் உள்ளது விளையாட்டு நாள் இல்லை, நம் வீட்டுக் கடிகாரத்தின் நாள். நடுநடுவே குஞ்சு ஏதாவது கேட்கும்: தட்டிக்கொடு, என்னோடு நடந்து வா, இன்ன தீனி கொடு. கேட்ட நேரத்தில் கேட்டதைச் செய்தவனிடம் அது ஒட்டிக்கொள்ளும். வளர்த்தவனே ஏறி ஓட்டும்போது அதன் பலம் கூடும். இதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கும் ஆட்டக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இந்த ஒட்டுதல் அறிவியலிலிருந்து வந்தது. ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ், முட்டையிலிருந்து வெளிவந்ததும் தன்னை முதலில் பார்த்த வாத்துக்குஞ்சுகள் தன்னையே தாயாக நினைத்துப் பின்னாலேயே வந்ததை ஆராய்ந்து எழுதினார். 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

மைன்கிராஃப்ட்டில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2017-இல் அந்த விளையாட்டில் கிளிகளைச் சேர்த்தார்கள். முதலில் வைத்த விதிப்படி, பிஸ்கட் கொடுத்தால் கிளி பழகும். அந்த பிஸ்கட்டில் சாக்லேட் இருக்கிறது. சாக்லேட் கிளிக்கு விஷம். விளையாட்டில் பார்த்ததை ஏதோ ஒரு குழந்தை வீட்டுக் கிளியிடம் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். நிறுவனம் விதியையே மாற்றியது. இப்போது கிளிக்கு விதை கொடுத்தால்தான் பழகும்; பிஸ்கட் கொடுத்தால் விளையாட்டுக்குள்ளேயே செத்துப்போகும். கற்பனை மிருகத்துக்கு வைக்கும் தீனியும் நிஜக் கூண்டு வரைக்கும் போய்ச் சேரும் என்பதை ஒப்புக்கொண்ட முடிவு அது.

நரி விஷயத்திலும் மைன்கிராஃப்ட் ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறது. ஓநாய்க்கு எலும்பு கொடுத்துப் பழக்கலாம், காட்டு நரியை என்ன கொடுத்தாலும் பழக்க முடியாது. நரிகளை இணை சேர்த்துப் பிறக்கும் குட்டிதான் மனிதனை நம்பும். 1959-இல் ரஷ்யாவின் சைபீரியாவில் பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் தொடங்கிய ஆய்வும் இதைத்தான் காட்டியது. மனிதனைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததில், வாலாட்டும் நரிகள் பிறந்தன. ஒரு மிருகத்தைப் பழக்குவது ஒன்று. ஓர் இனமே வீட்டு மிருகமாக மாறுவது முற்றிலும் வேறு. நாய், மாடு, ஆடு, கோழி எல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அப்படி மாறியவை. யானை மாறவே இல்லை. கோயில் வாசலில் நிற்கும் யானையும் உள்ளுக்குள் காட்டு யானைதான். ஒவ்வொரு யானையையும் முதலிலிருந்து பழக்கியாக வேண்டும்.

தெப்பக்காட்டு அடுப்படி

ஆர்க் விளையாட்டின் நிஜ வடிவம் தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு இடங்களில் நடக்கிறது: முதுமலையில் தெப்பக்காடு, ஆனைமலையில் கோழிகமுத்தி. காட்டு மரங்களை இழுக்க யானைகளைப் பழக்கிய முகாம்கள் இவை. மரம் வெட்டுவது நின்றது. வன உயிரினச் சட்டம் வந்தது. வேலைக்காக யானை பிடிப்பதும் நின்றது. இன்று இங்கே வருபவை தாயைப் பறிகொடுத்த குட்டிகளும், ஊருக்குள் புகுந்து பிடிபட்ட யானைகளும்தான்.

பிடிக்கும் முறையைக் கேட்டால் விளையாட்டு ஆடும் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். கால்நடை மருத்துவர் மயக்க ஊசியைத் துப்பாக்கியில் வைத்துச் சுடுவார். யானை நின்ற நிலையில் மயங்கும். இரு பக்கமும் பழகிய யானைகளான கும்கிகள் வந்து அணைத்து நிற்க, கயிறு கட்டி லாரியில் ஏற்றுவார்கள். முகாமில் பருத்த மரங்களை அடுக்கிக் கட்டிய கூண்டு தயாராக இருக்கும், கரால் என்பார்கள். அதற்குள் யானையும் வெளியே பாகனும். கரும்பு கொடுத்துப் பேச்சுக் கொடுத்து, மெல்ல மெல்லக் கட்டளைகள் பழக்குவார்கள். பாகனின் குரலும் வாடையும் யானைக்குப் பழக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். நிறையும் கோடு எதுவும் அங்கே கிடையாது. யானையின் காதையும் கண்ணையும் துதிக்கையையும் பார்த்துப் பாகன்தான் முடிவு செய்ய வேண்டும்.

சின்னத்தம்பி என்ற காட்டு யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப் பக்கம் காட்டில் விட்டார்கள். அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நடந்து உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மக்கள் கூட்டம் கூடி நின்று பார்த்தது. யாரையும் அது ஒன்றும் செய்யவில்லை. அதைக் கும்கியாக்கக் கூடாது என்று தமிழ்நாடே பேசியது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிப்ரவரியில் திரும்பப் பிடித்து வரகளியாறு கராலில் அடைத்தார்கள். பிற்பாடு அதே சின்னத்தம்பி, காட்டு யானைகளை விரட்டும் வேலைக்குக் கும்கியாகப் போனது. இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அந்தச் சமயத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. அது நடந்த பாதையில் நாம் செங்கல் சூளையும் வீடும் தோட்டமும் வைத்த பிறகு, அதைக் காட்டில் இருந்துகொள் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி மிச்சமிருக்கிறது?

பழக்குவது சில மாதங்களில் முடிந்துவிடும். பராமரிப்பு முடியவே முடியாது. தெப்பக்காட்டில் காலையிலும் மாலையிலும் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்த்தால் தெரியும். கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து பெரிய பெரிய கவளங்களாக உருட்டுகிறார்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்று மருத்துவர் எடையையும் வயதையும் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். செரிமானத்துக்கு அஷ்ட சூரணம், தாதுச்சத்து எல்லாம் அந்தக் கவளத்துக்குள்ளேயே போகும். ஒவ்வொரு யானையும் தன் இடத்தில் வந்து நிற்க, பாகனும் அவருக்கு உதவியாளரான காவடியும் துதிக்கைக்குக் கொடுப்பதில்லை, வாய்க்குள்ளேயே வைக்கிறார்கள். பாகன்களில் பெரும்பாலோர் குரும்பர், காட்டுநாயக்கர், கோழிகமுத்தியில் மலசர். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் படிப்பு. யானைக்கு மட்டும் புரியும் கட்டளைகள் அவர்களுக்குள் ஒரு தனி மொழி.

தெப்பக்காட்டில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் உலகத்துக்கே தெரியும். 2017-இல் தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்து வந்த ரகு என்ற குட்டியையும், அதன் பிறகு வந்த அம்முவையும் அவர்கள் வளர்த்த கதையை கார்த்திகி கொன்சால்வஸ் ஆவணப்படமாக எடுத்தார். 2023 மார்ச்சில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம் தமிழ்நாடு அரசு இரண்டு முகாம்களின் 91 பணியாளர்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாயும் அறிவித்தது. அந்த ஆண்டே பெள்ளிக்கு அரசுப் பணி ஆணை கிடைத்தது. இத்தனை ஆண்டு யானைக் குட்டிகளுக்குத் தாயாக இருந்தவர்களுக்கு ஓர் ஆஸ்கர் வந்த பிறகுதான் நல்ல வீடு பற்றிய பேச்சே வந்தது என்பது என் மனத்தாங்கல்.

கோழிகமுத்தியின் கும்கி கலீமின் கதை இதைவிடப் பெரியது. 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டது. 99 முறை காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் போயிருக்கிறது. சின்னத்தம்பியைப் பிடித்தபோதும் அதுதான் முன்னால் நின்றது. 2023 மார்ச்சில், 60 வயதில், வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்ய, கலீம் பணி ஓய்வு பெற்றது. ஓய்வு என்றால் வேலை இல்லை, சாப்பாடும் பராமரிப்பும் கடைசிவரை உண்டு. டி-ரெக்ஸ் குஞ்சுக்கு நான்கு நாள். கலீமுக்கு 51 ஆண்டு பணி, அதற்கு மேல் முதுமை.

மூர்த்தி என்ற யானை கேரளத்திலும் கூடலூர்ப் பகுதியிலும் பலரைக் கொன்றது. கேரளத்தில் சுட்டுக்கொல்ல உத்தரவே இருந்தது. 1998-இல் அதைப் பிடித்து, குண்டுக் காயங்களுக்கு மருந்து போட்டு, உயிரோடு காப்பாற்றியவர்களில் முதன்மையானவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த அதே மனிதர். அவர் பெயரையே யானைக்கு வைத்தார்கள். தெப்பக்காட்டில் குழந்தைகள் பக்கத்தில் போகும் அளவுக்குச் சாதுவாகி, கால் நூற்றாண்டு வாழ்ந்து, 2024 அக்டோபரில் மூர்த்தி இறந்தது.

மசினி

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கைவிடப்பட்ட குட்டியாகத் தெப்பக்காட்டுக்கு வந்த பெண் யானை மசினி. பால் ஊட்டி வளர்த்தார்கள். 2015-இல் அதைச் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்தார்கள். காடும் ஆறும் மற்ற யானைகளும் பழகிய குட்டிக்குக் கல்தரையும் மக்கள் கூட்டமும்தான் வாழ்க்கை என்றானது. 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே பாகனை மிதித்துக் கொன்றது. உடல் நலிந்து மறுபடி தெப்பக்காட்டுக்கே வந்தது. சிகிச்சை பெற்றுத் தேறியது. 2023 ஏப்ரலில், உணவு கொடுக்கும் நேரத்தில், இங்கேயும் ஒரு பாகனைக் கொன்றது. ஆஸ்கர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆர்க்கில் பழகிய மிருகம் பொதுவாக வளர்த்தவனைத் தாக்காது. யானைக்கு அப்படி உத்தரவாதம் தர எந்தப் பாகனாலும் முடியாது. தெரிந்தும் அவர்கள் தினமும் அதன் காலடியில் உட்கார்ந்து தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். மசினி மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு குட்டியை ஓரிடத்தில் வளர்த்துப் பெயர்த்து இன்னோரிடத்தில் கட்டிப்போட்ட முடிவு மேல்தான் கோபம். செத்தவர்கள் இருவருமே கூலிக்கு உயிரைப் பணயம் வைத்தவர்கள். கோயில்களுக்கு இனி யானைக் குட்டி கொடுக்கவே கூடாது.

வேடந்தாங்கல் செய்ததும் நம் வீடுகள் செய்வதும்

காட்டு உயிரோடு உறவு வைக்க அதைப் பழக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூரைத் தாண்டிப் போனால் வேடந்தாங்கல். ஏரிக்கு வரும் பறவைகளை அந்த ஊர்க்காரர்கள் பிடித்ததும் இல்லை, தீனி போட்டதும் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798-இல் அவரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதி வாங்கினார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. இரு தரப்புக்கும் லாபம், ஒருவர் கழுத்திலும் கயிறு இல்லை. ஜடாயு தசரதனோடு வைத்திருந்த உறவும் இந்த வகைதான்.

அந்த ஜடாயுவின் இனத்துக்கு நாம் செய்த கொடுமையையும் சொல்லத்தான் வேண்டும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியாவில் பாறுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துத் தீர்ந்தன. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டும் முக்கியமான இடம், தெப்பக்காட்டை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. திருப்புட்குழியின் வானத்தில் இன்று பாறு வட்டமிடுவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. செல்போனில் மிருகம் வளர்க்கும் பிள்ளையை 'உருப்படாமல் போகிறான்' என்று திட்டாதீர்கள். நேரத்துக்குத் தீனி வைக்க வேண்டும், அதற்குப் பிடித்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் கெடும் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் குஞ்சுக்கு என்ன பெயர் வைத்தான் என்று கேளுங்கள். அடுத்து அவன் நிஜ உயிர் ஒன்றைக் கேட்பான். அப்போது சந்தையில் கூண்டுக்குள் விற்கும் பச்சைக்கிளிக் குஞ்சை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மரப்பொந்திலிருந்து திருடி வந்த குஞ்சு அது. நம் நாட்டுக் கிளி, முனியா, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறை வரை போகும் குற்றம். ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால் நீங்களாகத் திறந்து பறக்கவிடாதீர்கள். பறக்க மறந்த கிளி காக்கைக்கும் பூனைக்கும் இரையாகும். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

பையனுக்குத் துணை வேண்டுமென்றால் தெருவில் பிறந்த நாய்க்குட்டி போதும். நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகிய இனம், பன்னிரண்டு பதினைந்து வருஷம் கூட இருக்கும். வெறிநாய்த் தடுப்பூசி அரசு கால்நடை மருந்தகத்தில் போடலாம். தடுப்பூசி போட வேண்டிய தேதியைப் பையனே காலண்டரில் குறித்து வைக்கட்டும். அது கிழடாகிக் கண் தெரியாமல் போகும் வயதில் அவன் கல்லூரியிலோ வேலையிலோ இருப்பான். அன்றைக்கும் அதற்குச் சோறு வைக்க வீட்டில் ஆள் இருக்குமா என்று முதலிலேயே பேசி முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள்.